இருமல் விழுந்த இடம்

அன்புள்ள அப்பா,

சிகாகோவில் புதிய குழுத் தலைவர் எல்லோரையும் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்கச் சொல்வதால், அதைப் படிக்கத் தெரியாத நீங்கள் நியூ ஆர்லியன்ஸுக்கே திரும்புவதாக எழுதியிருந்தீர்கள். இத்தனை நாள் ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நான் தாளைப் படித்து முணுமுணுக்க, நீங்கள் காதால் பிடித்து கார்னெட் ஊதுகுழலில், சிகாகோ போகும் முன் வாசித்த கடைசிப் பாட்டின் நடுவே ஒரு நிறுத்தம் வருமே, அது தாளில் இல்லை. எனக்கு இருமல் வந்தது. நீங்கள் அதையும் சேர்த்து வாசித்தீர்கள். திருத்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தப் பாட்டு உள்ள உங்கள் இசைத்தட்டைக் கேட்ட பக்கத்து வீட்டு ஒடீல் அத்தை, "ஏண்டி பட்டதாரி, உங்கப்பன் அங்க மூச்சப் புடிச்சா என் இடுப்பு தானா ஆடுதுடி" என்கிறாள்.

நேற்று கடையில் அந்தப் பாட்டின் புதிய தாள் வாங்கினேன். என் இருமலை நிறுத்தக் குறியாக அச்சடித்திருக்கிறார்கள். படித்தவர்கள் உங்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்கள், அப்பா.

வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. இருந்தாலும் வர வேண்டாம்.

உங்கள் மகள்