வெள்ளைத் துணி உயரும்வரை

ஏழு குன்றுகளுக்கும் நிழலாக நின்று நொச்சிமலை நாட்டைக் காக்கும் அரசியார் ஆதிரை வேண்மாளின் ஆணையால், அமைச்சர் கூற்றன் விழுப்பரையன், ஆற்றுமுகத்தூர்த் தலைவரும் போர்க்களத்தில் முதுகு காட்டாதவருமான நக்கன் அரிஞ்சியார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஊர் வாழ்க. உம் மக்கள் அனைவரும் நாளை மறுநாளும் உயிரோடிருக்க. இப்படியொரு வாழ்த்தை நாம் இதற்குமுன் எவர்க்கும் எழுதியதில்லை.

நேற்று நண்பகலில் மேகவாரி ஏரியின் தென்கரை உடைந்தது. நீர் நாணற்காட்டைச் சுற்றிக்கொண்டு நாளை மாலை உம் ஊரை அடையும். அதுவரை நேரமிருக்கிறது, ஆகவே அஞ்சி இவ்வோலையைப் பாதியில் கீழே வைத்துவிட வேண்டாம். உம் ஊரிலிருந்து மேட்டுக்கு ஏற ஒரே ஒரு மரப்பாலம் உள்ளதை நாம் அறிவோம். வெள்ளத்தைவிட அந்தப் பாலத்தையே நாம் அஞ்சுகிறோம். வெள்ளம் வருகிறது என்பதை மக்களிடம் எப்படிச் சொல்வது, அதுவே இவ்வோலையின் பொருள்.

ஓலையுடன் உம் முன் நிற்பவர் காரி பூதனார். பதினோராண்டுகளாக ஓலைக்களத்தில் நிலக்கொடைகளைத் தாழ்ந்த குரலில் வாசித்து வந்தவர். அதற்குமுன் அவர் மேலைக்குன்றூரில் அரச ஆணை கூவுபவராக இருந்தார்.

நம் நாட்டில் ஆணை கூவும் முறை நீர் அறிந்ததே. கூவற்கல்லின் மேல் ஒருவர் நின்று சொல்ல, நூறடிக்கு ஒருவராக நிற்கும் எதிர்க்குரலார் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வர். கடைசி எதிர்க்குரலார் சொல்லி முடித்ததும் வெள்ளைத் துணியை உயர்த்துவார். துணி உயர்ந்த பின்னரே கல்லில் நிற்பவர் அடுத்ததைச் சொல்ல வேண்டும். பதினோராண்டுகளுக்கு முன் அங்கே களஞ்சியம் தீப்பற்றியபோது, இருபத்திரண்டு வயதுப் பூதனார் துணியைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். முதற்குரல் தீ எங்கே என்று சொல்லும்போதே இரண்டாங்குரல் வாயில் எது என்றது. குரலோடு குரல் மோதிக் கடைக்கோடியில் நின்றவர்க்குக் கூச்சல் மட்டுமே போய்ச் சேர்ந்தது. தீயில் ஒருவரும் இறக்கவில்லை. கிழக்கு வாயிற்படிகளில் அறுபத்துமூவர் மிதிபட்டு இறந்தனர்.

நேற்று சந்தைநாள். அதே மேலைக்குன்றூர்க் கோட்டைக்குள் நாலாயிரம் பேர். கூவுபவர் அரசியாரோடு எல்லைக்குச் சென்றிருந்தார். பூதனாரைத் தவிர வேறு எவரும் இல்லை. கரை கசிவதால் ஊரைக் காலிசெய்யும் ஆணையை நாமே அவர் கையில் கொடுத்தோம்.

கல்லின் மேல் ஏறியவர்க்கு மட்டுமே மதிலுக்கு அப்பால் கரை தெரியும். அதில் பழுப்பு நீர் வழிவதை அவர் கண்டார். கீழே மக்கள் மிளகுக்கும் துணிக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்தனர். அவர் கண் தானாகவே, மலைக்கு ஏறும் ஒரே வழியான கிழக்குப் படிகளுக்குப் போயிற்று. ஓடிவிடத் தோன்றியது. அல்லது அன்று போலவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடத் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அவர் வெறுமனே நின்றார். சந்தை இரைச்சல் மெல்ல அடங்கியது. உப்பு விற்பவள் ஒருத்தி, அவள் சொன்னபடியே எழுதுகிறோம், “என்ன ஐயா, நாக்கை வீட்டிலயே வச்சுட்டு வந்துட்டீரா?” என்றாள். சிரிப்பு எழுந்தது. அது ஓயும்வரையும் அவர் நின்றார்.

“ஏரிக்கரையில் நீர் கசிகிறது.”

அவ்வளவே சொன்னார். நான்கு எதிர்க்குரல்களும் ஒன்றன்பின் ஒன்றாய் அதைத் தாங்கிச் சென்றன. அந்த இடைவெளியில் நீலி என்னும் நெசவுக்காரி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். “ஐயோ, இவன்தானே! எங்க அண்ணனை மிதிச்சுக் கொல்ல வச்ச பாவி இவன்தானே!” என்று அலறினாள். முன்வரிசை அசைந்தது. ஒருவர் தோளை ஒருவர் இடித்தனர். பூதனார் கடைக்கோடியையே பார்த்தார். துணி உயரவில்லை. நீருக்கடியில் மூச்சடக்கியதுபோல் இருந்தது என்று பின்னர் எழுதிக் காட்டினார். துணி உயர்ந்தது.

“அவள் சொல்வது மெய்.”

கடமை தவறாத எதிர்க்குரலார் அதையும் ஊர் முழுதும் சொன்னார்கள். அவள் சொல்வது மெய், அவள் சொல்வது மெய் என்று கோட்டையின் கடைசிவரை போயிற்று. பிறகு, “அன்று நான் விரைந்தேன்.” துணி. “இன்று ஒருவரும் ஓட வேண்டாம்.” துணி. “முரசின் அடிக்கு ஓரடி வையுங்கள். குயவர் தெருவார் நடங்கள். மற்றவர் நில்லுங்கள்.”

நிற்பவர்க்கே அச்சம் மிகுதி என்பதை மறவாதீர். பாதித் தெருக்கள் காலியானபோது கரை உடைந்தது. அந்த ஓசையில் குழந்தைகள் வீறிட்டன. கல்லடியில் அடித்துக்கொண்டிருந்த முரசுக்காரரின் கோல் தடுமாறியது. எவரும் குரலை விரைவாக்கும் நேரம் அது. பூதனார் முன்னினும் மெதுவாகப் பேசினார்.

“அந்த ஓசையை நானும் கேட்டேன்.” துணி. “நீர் வந்துசேர நேரமுண்டு.” துணி. அது மெய்யா என்று அவர்க்கே தெரியாது. “சாலியர் தெருவார், நடங்கள்.”

நீலி சாலியர் தெருக்காரி. அவர் முகத்தையே பார்த்தபடி, முரசுக்கு ஓரடியாக நடந்து போனாள். படிகளில் ஒருவரும் விழவில்லை. அவள் கால் கடைசிப் படியைத் தொட்டபோது மேற்கு மதில் சரிந்தது. மார்பளவு நீரில் நின்ற பூதனாரையும் முரசுக்காரரையும், கடைசி எதிர்க்குரலார் தம் வெள்ளைத் துணியை முறுக்கி எறிந்து படிமேல் இழுத்தார். மலைமேல் தெருத்தெருவாய்ப் பெயர் அழைத்துப் பார்த்தோம். எல்லாரும் இருந்தனர்.

பூதனாரிடம் இப்போது குரல் இல்லை. அது மீளுமா என மருத்துவர் சொல்லவில்லை. ஆகவே உம் ஊரில் கல்லேற வேண்டியவர் நீரே. வாளெடுத்தபோது நடுங்காத உம் முழங்கால் அங்கே நடுங்கும். நடுங்கட்டும். எல்லையிலுள்ள அரசியாரின் பெயரால் நாம் இடும் ஆணை இது: முதலில் ஊர் அடங்கும்வரை நில்லும். ஒரு நேரத்தில் ஒன்றையே சொல்லும். பூதனார் உம் ஊரின் கடைக்கோடியில் வெள்ளைத் துணியோடு நிற்பார். அவர் அதை உயர்த்தும்வரை, பாலத்தின் மறுபுறம் உம் மக்களே கதறினாலும், நீர் வாய் திறத்தல் ஆகாது.

நொச்சியிலை முத்திரை இட்டோம். குன்றும் மழையும் உள்ளவரை இவ்வாணை நிற்க. ஓலையை இனி மடித்துவிடும். எழுமுன், எதிரே நிற்பவரின் கையைப் பாரும். நேற்று அவரை இழுத்த துணி அதுதான். இன்னும் ஈரம் காயவில்லை.