மங்கலான புள்ளிகள்

மாரி தொடங்கிவிட்டது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நம் அறையின் இரும்பு அலுமாரியை இன்று திறந்தபோது பூஞ்சண வாடை அடித்தது. முதலில் உன் கையெழுத்துத் தாள்கள் உள்ள கோப்பைத்தான் தொட்டுப் பார்த்தேன். ஈரம் ஏறவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் உன் கதிரையைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன்.

நாம் ஆய்வுக்கு எடுத்த பொருள் ஓர் இடத்தியல் அரையுலோகம், உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் இடைப்பட்ட ஒரு படிகம். அதற்குள் இலத்திரன்கள் எந்தெந்தச் சக்தியில் இருக்கலாம் என்பதைக் கணித்துக் கோடுகளாக வரைவதுதான் நம் வேலை. அவற்றில் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். படிகத்தின் சமச்சீர் அந்த வெட்டுப்புள்ளியைக் குலையவிடாது. அதற்காகவே அந்தப் பொருளை விரும்பினோம். ஆனால் அதைச் சுற்றி வேறு கோடுகள் சந்தைக் கூட்டம் போல நெரிந்து நின்றன.

படிகத்தை வளர்த்த வெளிநாட்டுக்காரர் அனுப்பிய எக்ஸ் கதிர்ப் படத்தில், பிரகாசமான புள்ளிகளுக்கு நடுவே சில மங்கலான புள்ளிகள் தெரிந்தன. படத்தின் குறை என்றேன் நான். நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தாய்.

“குறை இல்ல புள்ள. மின்னேற்ற அடர்த்தி அலை. இலத்திரன் அலை அலையாக் கூடி நிக்கிது, அதோட அணுவும் கொஞ்சம் விலகி இரிக்கி. ஒரு சின்ன அணுக் கட்டத்த மட்டும் வெச்சிக் கணிச்சாச் சரிவராது. பல கட்டத்தச் சேத்துக் கணிக்கோணும்.”

“நம்மட கம்பியூட்டர் தாங்காது. கரண்ட் போனா முதல்ல இருந்து தொடங்கோணும்.”

“அப்ப, கட்டுரையில செய்யல்ல எண்டு எழுது. செய்து பாக்காம, மாற்றம் ஒண்டும் இல்ல எண்டு எழுதாத.”

எனக்குப் பதவி உயர்வு நேர்முகம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அலையால் மாற்றம் இல்லை என்றே எழுதினேன். நீ கடைசிப் பக்கம் வரை வாசித்தாய். “என்ட பேர எடுத்திரு,” என்றாய். குரல்கூட உயரவில்லை. பையை எடுத்துக்கொண்டு விரிவுரைக்குப் போய்விட்டாய். கட்டுரையை என் பெயரில் மட்டும் அனுப்பினேன்.

அதுவரை ஒரே பிளாஸ்க்கில் தேநீர் குடித்தோம். அதன்பின் அறைக்கு இரண்டு பிளாஸ்க் வந்தன. பரீட்சைத் தாள், நேர அட்டவணை, இவற்றைத் தவிர மூன்று மாதம் வேறு பேச்சில்லை. உனக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். நீயே முதலில் பேசட்டும் என்றிருந்தேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் என்று லீவுக் கடிதம் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டெங்கு என்பது தெரியவந்தபோது பிந்திவிட்டது. நம் அலுவலகப் பெண் களுவாஞ்சிக்குடியில் இருந்த எனக்குப் போன் எடுத்து, “மிஸ், அவங்க மவுத்தாகிட்டாங்க,” என்றாள். பஸ் ஏறி ஏறாவூரில் உன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உன் மகள் என்னை அடையாளம் கண்டு கதிரை போட்டாள். “உம்மாட பிரண்ட்,” என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சில வாரம் கழித்து உன் அலுமாரித் தட்டை ஒழிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் இந்தக் கோப்பு கிடைத்தது. விலகிய ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கணித்து, பெரிய கட்டத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கைப்பட எழுதி வைத்திருந்தாய். கணினியில் ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

ஓட்டினேன். இரண்டு தடவை மின்சாரம் போய் எல்லாம் அழிந்தது. மூன்றாவது தடவை, விடுமுறைக் காலத்தின் ஒரு மத்தியானத்தில் கணிப்பு முடிந்தது. நெரிந்து நின்ற கோடுகள் பிரிந்து நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. அந்த வெட்டுப்புள்ளி மட்டும் குலையாமல் தெளிவாக நின்றது. நீ சொன்னதுதான் சரி. திரையை உன் மேசைப் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு எழுந்து வராந்தா முழுக்க நடந்தேன். இதைக் காட்ட ஓர் ஆள் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் உன்னைப் போலப் பார்த்திருக்க மாட்டார்.

என் கட்டுரை பிழை என்றும், திருத்தம் உன்னுடையது என்றும் சஞ்சிகைக்கு எழுதினேன். பதவி உயர்வு ஏற்கனவே கிடைத்திருந்தது. துறைத் தலைவரிடமும் போய்ச் சொன்னேன்.

நேற்று, சஞ்சிகையில் அந்தத் திருத்தம் அச்சான பக்கத்தை, அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிடும் உன் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

“அவ சொன்னதுதான் சரியா வந்திச்சா மிஸ்?”

“ஓம் நானா. நான்தான் கேக்கல்ல. என்னோட கோவத்திலயே போயிட்டா.”

அவர் நிமிர்ந்தார். “கோவமா? அப்பிடி ஒண்டும் அவ சொல்லல்லயே. மகள் ஒருநாள் உங்களப் பத்திக் கேட்டதுக்கு, ‘அவ செய்து பாப்பா, கொஞ்ச நாள் சுணங்கும்’ எண்டுதான் சொன்னா.”

திரும்பும் பஸ்ஸில் அழுகை வரவில்லை. அந்த மூன்று மாதமும் நீ கோபித்துக்கொண்டிருக்கவில்லை, எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய். எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இனி எங்கே போனாலும் இதுதான் என்னோடு வரும்.