அந்த மூலைக்கு என்ன புல்

ஐப்பசி 4, திங்கள்

விடிகாலையில் தூறல். வேலைக்குப் போனபோது வாசலெல்லாம் சேறு.

வீட்டம்மா ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள். பூவே இல்லாத தோட்டம். முழுக்கப் புல். வெள்ளை இறகு போல் கதிர் விட்டது, மஞ்சள் கோடு போட்டது, செம்பு நிறத்தில் ஒன்று. அழகுக்கு வளர்ப்பதாம். தோட்டம் கொத்த வரும் இருளாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க ஊர்ல இதைப் புடுங்கத்தான் கூலி. நீங்க நடுறதுக்குக் கூலி குடுக்குறீக."

"ரெண்டு பக்கமும் உனக்குத்தானே வருமானம்."

அவர்கள் சொல்ல நான் எழுதியது: இறகுப்புல், வாசலுக்கு. கோடு போட்டது, படி ஓரம். எலுமிச்சம்புல், சமையலறை ஜன்னலுக்குக் கீழே. வெட்டிவேர், வேப்பமர மூலை.

வேப்பமர மூலை என்றதும் பேனா நின்றுவிட்டது. வெட்டிவேருக்கு இடுப்பளவு குழி வேண்டும் என்றார் இருளாண்டி அண்ணன். மணல் கலந்து நட்டு, வேர் முற்றியதும் மறுபடி மொத்தமாகத் தோண்டி எடுக்க வேண்டும். வியாழக்கிழமை வந்து வெட்டுகிறாராம்.

அங்கே அக்கா இருக்கிறாள்.

இந்த வீடு நிற்பது எங்கள் பருத்திக் காட்டில். அக்கா காய்ச்சலில் போனபோது எனக்கு ஐந்து வயது. சின்னப் பிள்ளை என்று எரிக்கவில்லை, காட்டு மூலையில் புதைத்தார்கள். நிலத்தை விற்கும்போது அப்பா அடையாளக் கல்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். மேட்டைச் சமமாக்கினார். தெரிந்தால் யார் வாங்குவார்கள். வீட்டம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத் தையல்காரர் வந்தார். தீபாவளிக்கு அக்காவுக்குப் பாவாடை, ரவிக்கை. அவள் எங்கள் வீட்டுக் கன்னித் தெய்வம். வருஷா வருஷம் ஓலைக் கொட்டானில் புதுத்துணி வைத்துக் கும்பிடுவோம். போன வருஷத்துத் துணி எனக்கு. அளவும் என் மேல்தான் எடுப்பார்கள்.

"மூத்தவ, ரெண்டு விரக்கடை கூட வையிங்கண்ணே" என்றாள் அம்மா.

நாடா என் இடுப்பைச் சுற்றும்போது கண்ணை மூடிக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான்.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். சோப்பு தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

வேப்பமரத்தடியைக் கூட்டினேன். அங்கே செருப்புப் போடுவதில்லை. இன்று இரண்டு விளக்குமாற்றுச் சத்தம். நிறுத்தினேன். நின்றது. மறுபடி கூட்டினேன். எனக்குப் பின்னால் ஒருத்தி, என் அளவு உயரம், இரண்டு விரற்கடை கூட. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டம்மா மத்தியானம் சந்தோஷமாகச் சொன்னார்கள்: "வெட்டிவேரைப் பானையில போட்டா வெயில் காலத்துக்குத் தண்ணி என்னமா மணக்கும் தெரியுமா. உனக்கும் தருவேன்."

அந்த வேர் ஊறிய தண்ணீர். நான் வாங்கிக் குடிக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்களிடம் எதையும் சொன்னதில்லை. "சரிம்மா" ஒன்றுதான் இதுவரை நான் பேசியது.

அப்பா மரக்கடை வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். எந்த இடம், மரத்தில் இருந்து எவ்வளவு தள்ளி. முகம் கழுவிக்கொண்டிருந்தவர் துண்டை எடுக்காமலே நின்றார்.

"அங்க ஒண்ணும் இல்ல. வித்த எடத்துல நமக்கென்ன பேச்சு."

அம்மா அடுப்படியில். கேட்டிருப்பாள். ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தும்.

ஐப்பசி 6, புதன்

சோழவந்தான் பக்கம் நாற்றுப் பண்ணைக்கு, வீட்டம்மாவோடு. பஸ்ஸில் கூட்டம். வெற்றிலைக் கூடை ஒன்று என் மடியில்தான் வந்தது. "புல்லு வாங்கவா? இம்புட்டுத் தூரமா?" என்று கூடைக்காரி. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, "மாடு வச்சிருக்காகளோ என்னமோ."

பண்ணையில் தொட்டி தொட்டியாகப் புல். காற்றடித்ததும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. அக்காவைப் பற்றி எனக்கு நினைவு இருப்பது ஒன்றுதான். புல் இதழை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்துக் கீச்சென்று ஊதுவாள். முகம் நினைவில்லை. சத்தம் மட்டும்.

இறகுப்புல் எடுத்தாயிற்று. கோடு போட்டது எடுத்தாயிற்று. வெட்டிவேர் நாற்றைப் பண்ணைக்காரர் சாக்கில் சுற்றத் தொடங்கினார். சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் எப்படியோ,

"அந்த மூலைக்கு வேணாம்மா."

வீட்டம்மா திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசியதே அவர்களுக்கு ஆச்சரியம்.

"ஏன்?"

"அங்க பாம்புப் பொந்து உண்டு. உசரமான புல்லு வச்சா அதுக்குள்ள அடையும். குட்டையா எதாச்சும் வைக்கலாம்."

"பாப்பா சொல்றது சரிதாம்மா" என்றார் பண்ணைக்காரர். "வெட்டிவேரைக் குளியலறைத் தண்ணி போற பக்கம் வைங்க. மூலைக்கு இந்தக் கொரியன் புல்லு. தோண்டவே வேணாம், விரலால குத்தி வச்சாப் போதும். ஒரே தொந்தரவு, வெட்டாம விட்டா மேடு மேடா எந்திரிக்கும்."

தோண்டவே வேண்டாம். அதற்கு மேல் என் காதில் ஒன்றும் விழவில்லை. கொரியன் புல் வைத்த தட்டை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். ஈரம் பாவாடைக்குள் இறங்கியது.

ஐப்பசி 7, வியாழன்

வெயில். கேட்டைத் திறக்கும்போதே மண்வெட்டிச் சத்தம்.

திங்கட்கிழமை சொன்னதை வைத்து இருளாண்டி அண்ணன் வெட்டத் தொடங்கிவிட்டார். மாற்றியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஓடினேன்.

"அண்ணே, அங்க வேணாம்ணே. பாம்புப் பொந்து இருக்குன்னு சொல்லிக் குட்டைப் புல்லு வாங்கியாச்சு."

"வெட்டுனது வெட்டுனதுதான். இன்னும் கொஞ்சம் கொத்திவிட்டா மண்ணு பொலபொலன்னு ஆகும்." மண்வெட்டியைத் தூக்கினார்.

குழிக்குள் இறங்கி நின்றுவிட்டேன். முழங்கால் ஆழம்கூட இல்லை. மண் குளிர்ந்திருந்தது.

என் முகத்தைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"யாருத்தா?"

"அக்கா."

மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மண்வெட்டியைத் தொடாமல் கையாலேயே தள்ளி மூடினார். கடைசியில், "மத்தவுகளுக்குப் பாம்புப் பொந்துன்னே இருக்கட்டும்."

வெளியாளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுவே முதல் தடவை. ஒரு டம்ளரை உடைத்துவிட்டேன். வீட்டம்மா திட்டவில்லை.

ஐப்பசி 8, வெள்ளி

தூறல். நடுவதற்கு நல்ல நாள் என்றார் இருளாண்டி அண்ணன். மூலையை எனக்கே விட்டுவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

விரலால் குத்தி, கொத்து வைத்து, சுற்றி அமுக்கி. எந்த இடம் என்று தெரியாததால் வேர்முண்டில் இருந்து சுவர் வரைக்கும் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் விரலை உள்ளே விடப் பயம். கீழே இருந்து பிடித்துக்கொள்வாளோ என்று. அப்புறம், பிடிக்கமாட்டாளா என்று.

வீட்டம்மா குடையோடு வந்தார்கள். "ஏன் இவ்வளவு நெருக்கமா?"

"சீக்கிரம் மூடிரும்மா."

"மேடா வந்தா வெட்டாத. படத்துல அப்படித்தான் இருக்கு. அழகா இருக்கும்."

"சரிம்மா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். உரல் நிற்கவில்லை.

ஐப்பசி 21, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல். வெடிச் சத்தத்தில் நாய் கட்டிலுக்கு அடியில். கொட்டானில் அக்காவுக்குப் புதுசு, பச்சைப் பாவாடை. எனக்கு அவளுடைய போன வருஷத்து அரக்கு. தோளில் கொஞ்சம் தொளதொளப்பு.

பத்து மணி போல் அம்மா தூக்குவாளியில் முறுக்கை அடுக்கினாள். "வீட்டம்மாவுக்குக் குடுத்துட்டு வருவம். நானும் வாரேன்." நிலம் விற்றதில் இருந்து அந்தப் பக்கம் போனதே இல்லை அவள். அப்பா செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வீட்டம்மா முறுக்கை வாங்கிக்கொண்டு காப்பி போட உள்ளே போனார்கள். அம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வேப்பமரத்துக்கு நடந்தாள். புல் பிடித்துவிட்டது. நுனியெல்லாம் இளம் பச்சை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பிடுங்குவது போல் கையை வைத்தாள். களை ஒன்றும் இல்லை. கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"நல்ல நாளும் அதுவுமா உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று வீட்டம்மா காப்பியோடு வந்தார்கள்.

"சும்மா இருக்க முடியலம்மா" என்றாள் அம்மா.

திரும்பும்போது ரோட்டில் வெடிக் காகிதம் குப்பையாக. பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும், முன்னால் பார்த்தபடியே அம்மா சொன்னாள்:

"தலமாட்டுப் பக்கம் சரியா வச்சிருக்க. கால்மாட்டுல இன்னும் ரெண்டு கொத்து வையி."