குறைகள் என்றொரு கட்டம்

இன்று மதியம் தபாலில் என் கிரீன் கார்டு, அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை, வந்துவிட்டது. அதைப் பத்திரப்படுத்த விண்ணப்பக் கோப்பைத் திறந்தால் முதலில் கைக்கு வந்தது நீ எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதம். நின்றபடியே படித்துச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள்.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் வார்ப்பு அச்சு வடிவமைப்பில், நீ தரப் பரிசோதனையில். டிரைவரிடம் தெலுங்கு, கேன்டீனில் கன்னடம், என்னைத் திட்ட மட்டும் தமிழ் உனக்கு. என் அச்சில் வார்த்த பாகங்களைப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புவாய். "உள்ள காத்து நிக்குதுடி. அறுத்துக் காட்டட்டுமா?" என்பாய். கடைசியில் காற்று வெளியேற அச்சிலேயே புதிதாக ஒரு வழி வைத்தேன். பெட்டிகள் திரும்பி வருவது நின்றது. அன்றைக்கு உன் கேசரியையும் என் தட்டிலேயே வைத்தாய்.

பிறகு நான் அமெரிக்கா வந்தேன். வேலை போனால் விசா போகும், மகளின் பள்ளியும் வீடும் போகும் என்ற பயத்திலேயே வருஷங்கள் ஓடின. தொழிலில் தனித்திறமை காட்டியவர்கள், கம்பெனியின் தயவில்லாமல் இந்த அட்டைக்குத் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று தெரியவந்தது. அந்த அச்சு என் யோசனைதான் என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதித் தரவேண்டும். அப்போது நீ அங்கே தரப் பிரிவுக்கே தலைவி.

நீ அனுப்பியதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். கடிதம் கேட்டால் பரிசோதனை அறிக்கை எழுதியிருந்தாய். என்ன செய்தார், எப்படிச் சரிபார்த்தோம், முடிவு என்ன, எல்லாம் கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டம், குறைகள். "தவறைச் சுட்டினால் கோபம் வரும். இரண்டு நாள் பேசமாட்டார்."

உடனே போன் போட்டேன். "பைத்தியமாடி உனக்கு? இதப் படிச்சா என்னை மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க."

"குறை கட்டம் காலியா இருக்கிற ரிப்போர்ட்ல நான் என்னிக்காச்சும் கையெழுத்துப் போட்டிருக்கறனா? அத எடுத்துட்டா மேல எழுதுனதையும் எவனும் நம்பமாட்டான். இஷ்டம்னா அனுப்பு, இல்லாட்டி கிழிச்சுப் போடு."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அப்படியே அனுப்பிவிட்டேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டதைச் சொன்னபோது, "பாத்தியா" என்று மட்டும் சொன்னாய். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அட்டைக்காகக் காத்திருந்த மாதங்களில்தான் உனக்கு நெஞ்சுவலி வந்தது. கிருஷ்ணகிரியில் உன்னை அடக்கம் செய்த அன்று நான் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியுமா என்று தெரியாத நிலை. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

குறைகளில் இன்னொரு வரியும் இருக்கிறது. அன்றைய கோபத்தில் அதை வாசித்தும் மனதில் வாங்கவில்லை, இன்றுதான் வாங்கினேன். "தனக்கென்று எதையும் கேட்கமாட்டார். இந்த விண்ணப்பத்தையே நான் திட்டித்தான் போடவைத்தேன்."

சாயங்காலம் மேனேஜருக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஊருக்குப் போய்வர மூன்று வாரம் லீவு வேண்டும் என்று கேட்டேன்.

"ஏதாவது அவசரமா?" என்றார்.

"இல்லை. என் சிநேகிதியைப் பார்க்கணும்" என்றேன்.