கோலாட்டத்துக்கு ஒரு கிட்டார்

1946 ஜனவரி 21, திங்கள். மதுரை ஜில்லா, தேவாரம்.

பெரிய டீச்சர் பதிவேட்டில் எழுதியதை என்னிடமே காட்டினார். "குரல் மூன்றாம் பெஞ்சைத் தாண்டவில்லை." சிவப்பு மையில். எனக்கு முன்னால் ஆறு பெஞ்சு இருக்கிறது.

ஏப்ரலில் பள்ளி மேனேஜர் கோட்டைச்சாமி அய்யா கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ஜூனிலிருந்து வீடு. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அப்பா என் பட்டத்துக்குச் சட்டம் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விரலால் தடவிக் காட்டுகிறார். பட்டம் வாங்கியவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

இன்னொன்று. பாட்டு டீச்சர் அன்னம்மா கல்யாணத்துக்காகக் கோட்டயம் போகிறாள். மார்ச் ஆண்டுவிழாக் கோலாட்டத்துக்குக் கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. "நீ மெட்ராஸில் படித்தவள்தானே" என்று பெரிய டீச்சர் அதை என் தலையில் கட்டிவிட்டார். முடியாது என்று சொல்வதற்கும் குரல் வேண்டுமே.

ஜனவரி 26, சனி.

அன்னம்மாவின் அறை. மூன்று கட்டை, அதாவது விரல்களைச் சேர்த்துக் கம்பியை அழுத்தும் மூன்று பிடி, கற்றுக்கொண்டேன். இடது கை விரல்நுனி நான்கும் கம்பிக் கோடு விழுந்து எரிகிறது. அது பரவாயில்லை. வலது கைதான் பிடிவாதம்.

வெறுமனே மீட்டினால் போதாதாம். இருபத்து நாலு பெண்கள், நாற்பத்தெட்டுக் கோல். அந்தச் சத்தத்தில் கம்பி முங்கிப் போகும். ஆகவே மீட்டிய கை கீழே போகும்போதே உள்ளங்கையின் அடிமேட்டைக் கம்பிகள் மேல் படக்கென்று சாத்த வேண்டும். "சக்" என்று வரும், கம்பி ஊமையாகிவிடும். பிறகு கட்டைவிரலால் பெட்டியின் தோளில் ஒரு தட்டு. அது "தும்." மீட்டு, சக், மீட்டு, தும். கம்பியும் அதுவே, கொட்டும் அதுவே.

அன்னம்மா என் பேரைச் சொல்லிச் சிரித்தாள். "எந்தா சங்கிலி, நீ கிட்டாரைத் தடவிக் கொடுக்குற. அது பசுக்கன்னு இல்ல. அடிக்கணும்."

அடித்தேன். ஒரு கம்பி அறுந்தது.

பிப்ரவரி 5, செவ்வாய்.

சக் வருகிறது. மீட்டு வருகிறது. இரண்டும் சேர்ந்து வரமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 9, சனி.

அன்னம்மா கோட்டயத்துக்குப் பஸ் ஏறினாள். கிட்டாரை எனக்கே விட்டுவிட்டாள். "கல்யாண வீட்டுல இதுக்கு எடமில்ல" என்றாள், சிரிக்காமல். வண்டி நகரும்போது நான் ஏதோ சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

பிப்ரவரி 13, புதன்.

உட்கார முடியவில்லை. வகுப்பில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு மேசை ஓரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் தட்டி அம்மாவிடம் திட்டு. வேகம் தானாக ஏறுகிறது. நான்காம் சுற்றிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறேன். யாரிடமிருந்து ஓடுகிறேன்?

இன்று சாயங்காலம் பள்ளிக்குப் பின்னால் ஓடைப்பக்கம், ஊருக்குத் தப்படிக்கிற அம்மாவாசி வைக்கோலைக் கொளுத்தித் தன் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காய்ச்சிவிட்டு அடித்துப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கேட்டேன். ஒரு அடி, நிறுத்தம், இரண்டு அடி, நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் உயிர் இருக்கிறது. அதற்குள் யாரும் ஓட முடியாது. கரிக்கட்டியால் தாளில் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். கோலாட்டத்துக்கு இதுதான்.

பிப்ரவரி 17, ஞாயிறு.

வெட்கம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மத்தியானம் வீட்டில் அந்த அடியைக் கிட்டாரில் வாசித்தேன். முதல் முறையாகக் கை ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நல்ல சத்தமாகவே அடித்தேன். கண்ணைத் திறந்தால் வாசலில் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் அத்தை, கூந்தல் அவிழ்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். அத்தை உள்ளே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து, "பஞ்சு, அண்ணனுக்கு என்னடி ஆச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் என்றால் என் அப்பா. அப்பா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாசித்தது எழவு வீட்டு அடி.

எனக்கு எப்படித் தெரியும்? பத்து வயதில் மதுரை விடுதிக்குப் போனவள். பிறகு மெட்ராஸ். ஊரில் எழவு விழுந்தபோதெல்லாம் நான் எங்கேயோ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மூன்று முறை வாசல் தெளித்தாள். "படிச்ச பிள்ளையாம். இருக்குற மனுசனுக்குக் கொட்டடிக்கிறா" என்றாள். அப்பா மட்டும், நல்லாத்தானே இருந்துச்சு என்று சொல்லிவிட்டு மாட்டிடம் போய்விட்டார்.

பிப்ரவரி 18, திங்கள்.

ஊருக்கே தெரிந்துவிட்டது. சுப்புத்தாய்க்கும். பள்ளி முற்றம் பெருக்குகிறவள், அம்மாவாசியின் மனைவி, என் வயதுதான் இருக்கும். பெண்கள் போன பிறகு ஜன்னலுக்கு வெளியே விளக்குமாற்றோடு நின்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"செல்லப்பாண்டி அய்யாவ உசுரோட அனுப்பப் பாத்தீகளாமே டீச்சர்."

அப்பா பேரைச் சொல்லிக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன அடி இருக்கிறது என்று கேட்டேன். அவள் தப்பைத் தொட்டதே இல்லையாம், பொம்பளை தொடக் கூடாதாம். ஆனால் எல்லா அடியும் தெரியும். விளக்குமாற்றுக் கட்டையால் ஜன்னல் திண்டில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பெண் அழைக்கிறது. தண்டோராப் போடுகிறது. பொங்கல் பானை இறக்குகிறது. கடைசியில் ஒன்று. சிறிசாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டுக் கூடி, ஆனால் வேகம் மாறாமல். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இது ஆத்தாளுக்கு அடிக்கிறது. நல்ல அடி. ஒண்ணு மட்டும், ஆரமிச்சா நடுவுல விட்டுறக் கூடாது."

கோலாட்டத்துக்கு இது பொருந்துகிறது. சக், தும், சக்-சக், தும். கூடுகிற ஒவ்வொரு தட்டுக்கும் பெண்கள் ஒரு கோல் கூட்டலாம்.

பிப்ரவரி 27, புதன்.

தினமும் நாலு மணிக்குப் பிறகு. நான் உள்ளே, அவள் வெளியே. நான் வேகம் எடுத்தால் அவள் விளக்குமாற்றை ஜன்னல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவாள். "மாடு வெரட்டுதாக்கும்?" என்பாள். உள்ளே வா என்று இரண்டு தரம் சொன்னேன். "இங்கனயே நல்லாக் கேக்குது" என்றாள்.

மூன்றாவது தரம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 3, ஞாயிறு.

மேனேஜர் அப்பாவைக் கடைத்தெருவில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அப்பா வந்து தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாசிக்கலாமாம். அடிக்க வேணாங்குறாக. பறையடிக்கிற மாதிரி இருக்காம். நம்ம சாதிசனம் முன்னால..."

அடிக்காமல் வாசித்தால் பெண்களுக்குத் தாளம் கேட்காது, கோல் சிதறும். அடித்தால் மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டார். இரண்டு பக்கமும் வேலை போகிறது. சரி, எந்தப் பக்கம் போவது?

மார்ச் 15, வெள்ளி.

நாளை ஆண்டுவிழா. கம்பிகளை முறுக்கிச் சுதி பார்த்து வைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு.

நேற்று நடந்தது. கை வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பந்தலில் ஊர் முழுக்க. முன்வரிசையில் மேனேஜர், அவர் வீட்டம்மா மாயக்காள், மதுரையிலிருந்து வந்த பள்ளி இன்ஸ்பெக்டர் அம்மாள். நான் மேடை ஓரத்தில் முக்காலியில். முதல் பாட்டுக்குத் தடவித்தான் வாசித்தேன், சொன்னபடியே. நாலாவது வரியில் கோல்கள் கலைந்தன. ஒரு சின்னப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். அழப் போகிற முகம். அவ்வளவுதான். கை தானாகக் கம்பியில் சாத்தியது. சக்.

பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். இருபத்து நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி. நான் ஆத்தா அடிக்குப் போனேன். ஒரு தட்டுக் கூட்டினேன். இன்னொன்று. மேனேஜர் முகம் சுருங்குவது தெரிந்தது. நிறுத்தவில்லை.

அப்போதுதான் மாயக்காள் அம்மா எழுந்தார்கள்.

முதலில் தலை ஆடியது. பிறகு தோள். அப்புறம் ஒரு கூவல், பந்தலே அடங்கிப் போனது. கூந்தல் அவிழ்ந்து, பட்டுச்சேலையோடு, வட்டமாக ஆட ஆரம்பித்தார்கள். "ஆத்தா வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் கோலை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரே ஒரு கணம். மாயக்காள் அம்மா தடுமாறிப் பந்தக்காலில் மோதினார்கள்.

"டீச்சர், விட்டுறாதீக."

பின்னாலிருந்து, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. சுப்புத்தாய். எல்லோர் தலைக்கும் மேலே கையைத் தூக்கி உள்ளங்கையால் தாளம் காட்டினாள். நான் அந்தக் கையையே பார்த்து அடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவள் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். நானும் ஒவ்வொரு தட்டாகக் குறைத்தேன். மேனேஜரே ஓடிப்போய்த் திருநீறு கொண்டுவந்தார். அந்தம்மா மெல்ல உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்கள். நான் கடைசித் தட்டை வைத்தேன்.

அடிக்காதே என்று சொன்ன மனிதர் என்னைப் பார்த்துக் கை கும்பிட்டார். ஊர்ப் பெண்கள் என் காலைத் தொட வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள், இந்த வாசிப்பை யார் கற்றுத் தந்தது என்று கேட்டார். எல்லோரும் பார்த்தார்கள். வேலிப்பக்கம் அவளும் நின்றாள்.

"அன்னம்மா டீச்சர்" என்றேன்.

மார்ச் 18, திங்கள்.

பொய் இல்லை. அன்னம்மாவும்தான் கற்றுத் தந்தாள்.

மார்ச் 21, வியாழன்.

என் அறைக்கு முன்னால் இப்போது காலையிலேயே, நான் வருவதற்கு முன்பே சுப்புத்தாய் பெருக்கிவிட்டுப் போய்விடுகிறாள். நாலு மணிக்கு யாரும் இல்லை. வழியில் பார்த்தால் "வாரேன் டீச்சர்" என்கிறாள், எல்லா டீச்சரிடமும் சொல்வது போல. கோபமாக இருந்தாலாவது தேவலை.

வீட்டில் அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பிவிட்டாள். வெற்றிலை பாக்கோடு வருகிறார்கள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அம்மாவாசி வருஷா வருஷம் இதே ஆத்தாளை ஆள்மேல் இறக்கி, திரும்ப மலையேற்றுகிறார். அவர் கையை யார் கண்ணில் ஒற்றினார்கள்? ச்சீ. படுக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை.

மார்ச் 29, வெள்ளி.

கிட்டாரைத் தொடவில்லை. பன்னிரண்டு நாள்.

ஏப்ரல் 3, புதன்.

மேனேஜர் ஆசிரியர் அறைக்கே வந்தார். கையில் என் நிரந்தர உத்தரவு. கையெழுத்துப் போட்டு மை காய்ந்த தாள், நான் கண்ணால் பார்த்தேன். பெரிய டீச்சர் உட்பட ஆறு பேர் இருந்தோம். சித்திரையில் அம்மன் கோவிலில் வந்து அதே அடியை அடிக்க வேண்டும் என்றார். "அம்மாவாசிய இந்த வருசம் வெளிய நிறுத்திக்கிறலாம். படிச்ச நம்ம வீட்டுப் பிள்ள அடிக்கிறது தனி."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாது.

"அந்த அடி அவுக வீட்டு அடி. எனக்குச் சொல்லிக் கொடுத்தது சுப்புத்தாய். அன்னைக்கு ஆத்தாள எறக்கி ஏத்துனதும் அவ கைதான். அவுகள நிறுத்திட்டு நான் வரமாட்டேன்."

ஜன்னல் வழியாக முற்றத்திலிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று. மேனேஜர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.

ஏப்ரல் 4, வியாழன்.

அப்பாவிடம் சொன்னேன். சட்டம் போட்ட பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைத்தெருவுல நாலு பேரு கேப்பாக. கேக்கட்டும்" என்றார். அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 12, வெள்ளி.

உத்தரவு வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் "நடத்தை பார்த்து." வேலையை விட்டு நீக்கவும் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மாள் நல்லபடி எழுதியிருக்கிறாராம், பெரிய டீச்சர் சொன்னார். கோவிலில் இந்த வருஷமும் அம்மாவாசிதான்.

நாலு மணிக்கு அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றை வெளியே சாத்திவைக்கும் சத்தம். சுப்புத்தாய் வாசற்படியில் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே வந்து முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உறையிலிருந்து கிட்டாரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கம்பியில் சாத்தினாள். சுத்தமான சக். பெட்டியில் தும். அதற்கு அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பிறகு மற்ற கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இத எங்கன வைக்கிறது டீச்சர்?"

பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, முதல் கட்டையைக் காட்டிக் கொடுத்தேன்.