முன் சீட்டும் கிளிப் ஷூவும்

ஜூன் 3, செவ்வாய்

ஷூ வந்துவிட்டது. இவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, அடியில லாடம் அடிச்சிருக்கு?" என்றார். சிரித்தாலும் சரியாகத்தான் சொன்னார். பாதத்தின் முன்பக்கம் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. அது பெடலில் இருக்கும் கொக்கியில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் விடும். நேராக மேலே தூக்கினால் விடாது. நாற்பத்து மூன்று வயதுவரை நேராக மேலே தூக்கியே பழகிய காலுக்கு இதை யார் சொல்லிப் புரியவைப்பது?

தங்கைக்கு இது இரண்டு வருடப் பழக்கம். இரட்டை சைக்கிளில் பின் சீட் அவளுடையது. பார்வை இல்லாதவர்களுக்கான பந்தயத்தில் முன் சீட்டில் பார்வையுள்ள ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அவளுக்கு ஓட்டிக்கொண்டிருந்த பெண் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள். ஜூலை 13 அன்று தேர்வுப் போட்டி. முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்குப் பயிற்சி முகாம். "வேற ஆள் எதுக்கு, அக்கா நான் இல்லையா" என்று வாயை விட்டது நான். யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் ஒற்றை சைக்கிளில் உட்கார்ந்து நூறு தடவை மாட்டினேன், நூறு தடவை எடுத்தேன். வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இடது முரண்டு பிடிக்கிறது. கீழே ஊன்ற வேண்டியதோ இடது.

ஜூன் 8, ஞாயிறு

பூங்கா வாசலில் விழுந்தேன். ஓடும்போது விழுந்தால்கூட ஒரு மரியாதை இருக்கிறது. நான் நின்ற இடத்தில், மெதுவாக, எல்லாரும் பார்க்க நேரம் கொடுத்து விழுந்தேன். காலை மேலே இழுக்கிறேன், இழுக்கிறேன், வரவே இல்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், "ஒட்டிக்கிச்சாம்மா?" என்று கேட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முதல்முறையாக இருவரும் சேர்ந்து. கோச்சுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் விசில். வாயைத் திறப்பதைவிட அதை ஊதுவதுதான் அதிகம். அவர் சொன்ன முறை இது: வண்டி நிற்கப் போகும்போது நான் முதலில் இடது காலை விடுவிக்க வேண்டும். விடுவித்த பிறகு 'காலு' என்று சொல்ல வேண்டும். தங்கை இரண்டு காலையும் மாட்டியபடியே உட்கார்ந்திருப்பாள். வண்டி, அவள், நான், மூன்று பேர் பாரமும் என் ஒரு காலில்.

பள்ளம், வளைவு, பஸ், மேடு என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். திரும்பி வரும் வழியில் நான்கு கால்களும் ஒன்றாகச் சுற்றிய ஒரு நீண்ட தூரம் இருந்தது. பின்னாலிருந்து அவள் "அக்கா, விடாத, விடாத" என்று கத்தினாள். இத்தனை சந்தோஷமாக அவள் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

ஜூன் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மார்க்கெட் சிக்னல். சிவப்பு. நான் 'காலு' என்று சொன்னேன். சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கால் வரவில்லை. மேலே இழுத்தேன் - மறுபடியும் மேலே! - வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. நான் சொன்னதை நம்பி அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். கையை ஊன்றக்கூட நேரமில்லை, முழங்கை நேராகத் தார்ரோட்டில்.

"என்னாச்சுக்கா?"

"நாய். நாய் குறுக்க வந்துடுச்சு."

அங்கே நாயே இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

ரத்தம் வழிகிற கையோடு அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. ஓடிப்போச்சு."

லேபில் தினமும் அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அறுபது பேரிடமும் சொல்கிறேன். அந்த வாய்க்கு இதுவும் அப்படியே வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை.

ஜூன் 23, திங்கள்

அவளுக்கு நான்கு தையல். இவரிடமும் நாய் என்றே சொன்னேன். என்ன நிறம் என்று வேறு கேட்டார். செம்பட்டை என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

தையல் பிரிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள், அப்பேர்ப்பட்ட ஆள். ஆனால் ஒரு வீட்டுக் கேட்டுக்குள்ளிருந்து நாய் குரைத்ததும் அவள் குதிகால் தானாகத் திருகிவிட்டது. முழு வேகத்தில் ஷூ கழன்று, சுற்றுகிற பெடல் கெண்டைக்காலில் போட்டது ஒரு அடி. வண்டி ஆடிய ஆட்டத்தில் என் உயிர் போய் வந்தது.

"கிட்ட வருதாக்கா?"

"இல்லடி, கேட்டுக்குள்ள இருக்கு."

"நெஜமா?"

இப்படி மூன்று தடவை. பத்தொன்பது வயதில் பார்வை போனபோதுகூட இவள் எதற்கும் பயந்தவள் இல்லை. நான் செய்தது இது. நான்தான்.

ஜூலை 2, புதன்

விசில் இன்று விசிலைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினார். "பின் சீட் பயந்துபோச்சும்மா. ஓட்டத்துல காலைக் கழட்டுனா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிதான். ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே இருந்தா பேர் குடுக்க மாட்டேன்."

தலையாட்டினேன். காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. சொன்னால் முன் சீட் போய்விடும். சொல்லாவிட்டால் பின் சீட் போய்விடும். இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து உழைத்தவள் அவள். நான் நேற்று வந்தவள்.

ஜூலை 3, வியாழன்

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சாரிக்கா. என்னாலதான் எல்லாம் கெடுது. எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பாக்கறேன், காலு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நாய் இல்லடி. அன்னிக்கு நாயே வரல. நான் காலை எடுக்கல."

கை நின்றது. "காலு-ன்னு சொன்னியே."

"சொன்னேன். எடுக்கல."

"பத்து நாளா அந்த நாயைத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். சிரிப்பாளோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பேங்க்ல நாள் பூரா போன்ல புகார் கேக்கறேன். யாரு புளுகறாங்கன்னு மூணாவது வார்த்தையில கண்டுபிடிச்சிடுவேன். உங்கிட்ட நான் தேடவே இல்லக்கா. எனக்கு நீ சொல்றதுதான் ரோடு. அந்த ரோட்டுல இல்லாத நாயை அவுத்து விட்டுட்ட."

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

பேசவில்லை.

ஜூலை 5, சனி

பேசவில்லை. இவர் சமாதானம் செய்யப் போய், "செம்பட்டைன்னு சொன்னாளாமே மாமா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். இருட்டத் தொடங்கும் நேரத்தில் மாடிப்படியிலிருந்து குரல்: "நாளைக்கு அஞ்சரைக்கு. எதையாவது மறைக்கணும்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடு, நான் படுத்துத் தூங்கறேன்."

ஜூலை 6, ஞாயிறு

சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். "பிரேக் லேட்டா பிடிச்சிட்டேன்." "பள்ளத்தைப் பாக்கல, மன்னிச்சிடு." "எனக்குப் பயமா இருக்கு." "தெரியுது, சீட்டெல்லாம் நடுங்குது" என்றாள். ஒரு நாய் நிஜமாகவே பத்தடி தூரத்தில் நின்றது. "வலப்பக்கம் நாய், பத்தடி, நிக்குது, நம்மளப் பாக்கல." பெடல் ஒரு சுற்று தயங்கியது. அவள் ஷூ கழலவில்லை.

விசில் பெயரைக் கொடுத்துவிட்டார். அவள் இன்னும் என்னிடம் சைக்கிள் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இருபது கிலோமீட்டர். தொடக்கத்தில் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வார், இருவரும் காலை மாட்டிக் காத்திருக்க வேண்டும். கொடி இறங்கியதும் மிதித்தேன், என் இடது கால் நழுவியது. சரியாக மாட்டவே இல்லை. பக்கத்தில் மற்ற வண்டிகள் சர் சர்ரென்று போகின்றன.

"மாட்டல," என்றேன்.

உடனே மிதிப்பதைக் குறைத்தாள். "மாட்டு. நான் இருக்கேன்."

இரண்டாவது முயற்சியில் டக். பிறகு நினைவிருப்பது, முன்னால் ஓடிய ஒரே வண்டியும் என் வாய் ரோட்டைச் சொல்லிக்கொண்டே இருந்ததும் மட்டும்தான். இரண்டாவது இடம்! மூன்று விநாடி வித்தியாசத்தில் இரண்டாவது! கட்டிப்பிடித்து அழுதோம், ஷூவோடு வழுக்கி மறுபடியும் விழப் பார்த்தோம்.

அப்புறம் விசில் என்னைத் தள்ளி நிறுத்தி, அவளிடம் பேசினார். தேர்வு பின் சீட்டுக்குத்தானாம். முன் சீட்டை மாற்றிக்கொள்ளலாமாம். முதலில் வந்த வண்டியை ஓட்டிய தீயணைப்புக்காரருக்குப் பின்னால் இருந்தவர் முதுகுவலியால் முகாமுக்கு வரமாட்டாராம்; அவர் இடத்தில் இவள் உட்காரலாமாம். நாளைக்குள் பதில் வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

லேபிலிருந்து வந்ததும் கூப்பிட்டாள். கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நீ அவர் ஓட்டறதைப் பாத்த. நான் பாக்கல. உன்னைத்தான் கேக்கறேன். யாருக்கா வேகம்?"

'ஏறக்குறைய ஒண்ணுதான்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று விநாடிதானே? அவருக்குப் பின்னாலிருந்தவர் முதுகுவலியில் பாதித் தூரம் அழுத்தி மிதிக்கவே இல்லை என்பது எனக்கும் விசிலுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த சீட் வேண்டும். வேண்டும் என்றால் - அவ்வளவு வேண்டும். இந்த ஆறு வாரத்தைப்போல நான் எதையும் ஆசைப்பட்டதில்லை.

"அவர்தான். தனி ஆளா இழுத்தே நம்மள முந்தினார்."

"வளைவுல?"

"வளைவுலயும்."

"வேற?"

"ரோட்டைச் சொல்றது கம்மி. அதை மட்டும் நீ கேட்டு வாங்கணும்."

கையை நீட்டித் தேடினாள், கொடுத்தேன். இறுகப் பிடித்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

முகாமுக்குக் கிளம்பிவிட்டாள். தீயணைப்புக்காரர் வேனில் வந்திருந்தார், தாடை அகன்ற, அதிகம் பேசாத மனிதர். பையை ஏற்றினேன். அவள் ஷூவை நானே துடைத்து உள்ளே வைத்தேன். கதவருகில் நின்று அவரிடம் அவள் சொன்னாள்:

"சார், ஒரே ஒரு விஷயம். உங்க பக்கம் தப்பு நடந்தா அப்பவே சொல்லிடணும். எங்க அக்கா சொல்லிடுவா."

வேன் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். லேபுக்கு அரைமணி தாமதம். கண்ணெல்லாம் ஏன் சிவந்திருக்கிறது என்று முதல் நோயாளி கேட்டார். அழுதேன் என்றேன்.