ஆறு வரியிலும் ஒரே பள்ளி

அம்மாடி,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரிவதில்லையாம். எனக்கு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உன் மகள், நம் வாயாடி, இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டாள், நீ அனுப்பிய சட்டைகளில் ஒன்றுக்குக் கை எட்டவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஒரு பக்கம் உன் அம்மா, ஒரு பக்கம் பிள்ளை, நடுவில் நான். பள்ளிக்கூடம் என்ன ஆச்சு என்று நீ கேட்கும்போதெல்லாம், ஆபீசில் இழுத்தடிக்கிறார்கள், வந்துவிடும் என்று சொன்னேன். மூன்று மாதமாக நான் சொன்னது பொய். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் படிக்காதே, உட்கார்ந்து படி.

சின்னப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்பது இப்போதெல்லாம் நம் காலத்தைப் போல இல்லை. நேரே போய்த் தலைமை ஆசிரியர் முன்னால் நின்று கும்பிடு போட்டால் நடக்காது. எல்லாப் பள்ளிக்கும் சேர்த்துக் கல்வி ஆபீசில் ஒரே படிவம். அதில் ஆறு வரி. உனக்குப் பிடித்த பள்ளிகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எழுத வேண்டும். இதை விளக்குவதற்காகவே வாயாடியின் தலைமை ஆசிரியை பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். உன் இடத்தில் நான் போனேன், சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். நீங்கள் எந்தப் பள்ளியை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது பள்ளிகளுக்குத் தெரியவே தெரியாது என்றார் அந்த அம்மா. ஒவ்வொரு பள்ளியும் அண்ணன் அக்கா யாராவது அங்கே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு பக்கம் என்று மட்டும்தான் பார்க்குமாம். சரி என்று சொன்ன பள்ளிகளில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பது உங்களுக்கு. அதனால் பக்கத்துப் பள்ளியை இரண்டாவதாக எழுதினால் முதல் பள்ளிக்கு ஒரு கெடுதலும் வராது, ஆறு வரியிலும் ஆறு வெவ்வேறு பள்ளியை எழுதுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன். ஒரு சொல் உள்ளே போகவில்லை அம்மாடி. இந்த அம்மாவுக்கு ஆபீஸ் நடப்பு என்ன தெரியும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீயும் அப்போது போனில் சொன்னாய். “ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிய முதல்ல போடுங்கப்பா, கிடைச்சா கிடைக்கட்டும். ஆனா நம்ம தெரு முக்குப் பள்ளிய ரெண்டாவதா கண்டிப்பா எழுதிடுங்க” என்றாய். சரிம்மா என்றேன். எழுதவில்லை. ஆறு வரியிலும் பெரிய பள்ளியின் பெயரையே எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். பஸ் பணிமனை ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் புத்தி. தலைமைக் கிடங்குக்குப் பொருள் கேட்டு இன்டென்ட் எழுதும்போது, இந்தப் பொருள் இல்லையென்றால் அது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கிடங்குக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டாவதைத்தான் அனுப்பிவைப்பான். நல்ல பிரேக் லைனிங் கேட்டால் மட்டமானது வரும். அதனால் நான் எல்லா வரியிலும் ஒரே பொருளின் நம்பரைத்தான் போடுவேன். வேறு வழியில்லாமல் அதையே அனுப்புவான். இதற்காக மற்ற பணிமனைக்காரர்கள் என்னைப் பிடிவாதக்காரன் என்று ஏசுவார்கள், நான் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிவேன். பள்ளிக்கூடப் படிவத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த இன்டென்ட் புத்தகம்தான் கண்ணில் தெரிந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதென்ன ஒரே பெயரை ஆறு தடவை எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைக்கு இம்போசிஷனா என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். அவள் சும்மா இருந்தது அந்த ஒரு நாள்தான்.

இன்னொன்றும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தின் கடைசியில் பெரிய கட்டம் ஒன்று இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது விசேஷக் காரணம் இருந்தால், உடம்பு சம்பந்தமாகவோ வேறு எதுவோ, இன்ன பள்ளிதான் வேண்டும் என்று எழுதி, அதற்கான கடிதத்தை இணைக்கச் சொல்லியிருந்தார்கள். வாயாடிக்கு வீட்டில்தான் வாய், வாசலைத் தாண்டினால் சொல் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது என்பது உனக்குத் தெரியாததா. எதிர்வீட்டுத் தையல்காரரின் மகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வகுப்பில் எழுந்து பதில் சொல்கிறாள். அந்தப் பிள்ளை இவள் முடிக்கும்வரை பொறுமையாக நிற்கும், மற்றவர்கள் சிரித்தால் முறைக்கும். அது முக்குப் பள்ளிக்குத்தான் போகப்போகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா இதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் கையிலேயே கொடுத்தார். நான் இணைக்கவில்லை. குறிப்பு எழுதி வரும் பொருளைக் குறையுள்ள பொருள் என்று ஸ்டோரில் திருப்பி அனுப்புவோம். என் பேத்தி பேரில் ஒரு குறிப்பும் இருக்கக்கூடாது என்று கட்டத்தைக் காலியாக விட்டேன். பெருமை, அம்மாடி, வேறென்ன.

முடிவு வந்த நாள் காலை பத்து மணிக்கு எதிர்வீட்டில் ஒரே கூச்சல், அவர்கள் பிள்ளைக்கு முக்குப் பள்ளி கிடைத்துவிட்டது. நான் என் போனைத் திறந்து பார்த்தேன். சிமெண்ட் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பள்ளி இருக்கிறது, அந்தப் பெயர் போட்டிருந்தது. நாம் எழுதாத பள்ளி. எழுதிய பள்ளி எதுவும் கிடைக்காத பிள்ளைகளை, எங்கே காலி இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவார்களாம். இரண்டு பஸ் மாற வேண்டும், போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே பேசிய பெண் தங்கமான பெண், எரிந்து விழவில்லை. ஒரே பள்ளியை ஆறு தடவை எழுதினால் அது ஒரு தடவைதான் ஐயா என்றது. பெரிய பள்ளியில் ஒன்றேகால் கிலோமீட்டருக்குள் இருக்கும் பிள்ளைகளோடு இடம் முடிந்துவிட்டது, உங்கள் வீடு இரண்டைத் தாண்டுகிறது என்றது. முக்குப் பள்ளி என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தது. பிறகு, அங்கே கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு உங்கள் வீட்டைவிடத் தூரம், ஆறு வரியில் ஏதாவது ஒரு வரியில் எழுதியிருந்தால் உங்கள் பேத்திக்குக் கிடைத்திருக்கும் என்றது. இந்த மூன்று மாதத்தில் அந்த வாக்கியம் காதில் ஒலிக்காத நாள் ஒன்றுகூட இல்லை.

பிறகு ஓடினேன். தாமத விண்ணப்பம் போட்டேன், முக்குப் பள்ளி நிரம்பிவிட்டது என்று காத்திருப்போர் பட்டியலில் பத்தொன்பதாவதாகச் சேர்த்தார்கள். யாராவது ஊரைவிட்டுப் போனால்தான் ஒரு எண் நகரும். மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், செய்தேன். பேச்சுப் பயிற்சி அம்மாவின் கடிதத்தை அப்போதுதான் இணைத்தேன். உன் அம்மா அந்த நாட்களில் என்னைப் பிழிந்தெடுத்தாள். பிள்ளை வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வாயாடி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளை என்ன கணக்குப் போடுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி எங்களைக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, அதன் அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போலிருக்கிறது, கனிவாகத்தான் பேசினார். பேத்தியை வெளியே உட்கார வைக்கலாம் என்றார், இவள் என் கையை விடமாட்டேன் என்று கூடவே வந்துவிட்டாள். கடிதத்தைப் படித்தார்கள், அவர்களுக்கு மனசு இளகியது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவர் கேட்டார், இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி இவ்வளவு அவசியம் என்றால் முதல் படிவத்தில் ஏன் ஒரு வரியில்கூட எழுதவில்லை என்று. நான் தப்புச் செய்துவிட்டேன், யார் சொன்னதையும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே. நாலு சொல். அதற்குள் எனக்குள் இருக்கும் ஸ்டோர்கீப்பர் குறுக்கே வந்துவிட்டான். எங்கள் வேலையில் அந்தக் காலத்தில், என்று இழுக்க ஆரம்பித்தேன். அப்போது வாயாடி எழுந்து நின்றாள்.

“நான்தான் தாத்தாகிட்ட முக்குப் பள்ளி வேணாம்னு சொன்னேன். தாத்தா மேல தப்பு இல்ல.”

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை அம்மாடி. மூன்று புது மனிதர்கள் முன்னால், தையல்காரர் மகள் பக்கத்தில் இல்லாமல், தெள்ளத் தெளிவாக. அப்படியா பாப்பா, உனக்கே அந்தப் பள்ளி வேண்டாமென்று இருந்ததா என்று அவர் கேட்டார். இவள் தலையாட்டினாள். ஓரத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டார். நான் அவளைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். அது பொய் என்று சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிஷம் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, பிள்ளை திக்காமல் பேசிவிட்டாளே என்ற சந்தோஷம் ஒரு பக்கம், என் தலை தப்பியதே என்ற நிம்மதி ஒரு பக்கம். அந்த இரண்டாவதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

பத்து நாளில் பதில் வந்தது. பிள்ளையே இந்தப் பள்ளியை விரும்பவில்லை என்று கூறியதாலும், குடும்பம் தெரிந்தே எழுதாமல் விட்டதாலும், நிரம்பிய வகுப்பில் கூடுதலாக ஒரு இடம் கொடுக்கக் காரணம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் மறுநாளே ஆபீசுக்கு ஓடி, அந்தப் பிள்ளை சொன்னது பொய், எல்லாம் நான் செய்தது என்று கவுண்டரில் இருந்தவரிடம் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கு ஒரு மேல்முறையீடுதான், தீர்ப்பு முடிந்துவிட்டது, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பெரியவரே என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டே உன் அம்மாவிடம் சொன்னது. மேசைக்குப் பின்னால் உட்காரும் அந்த மூன்று பேரும் தாத்தாவுக்குத் தண்டனை கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வாயாடி நினைத்திருக்கிறாள். எட்டு நாள் இரண்டு பேரும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அந்த இரண்டு வாக்கியத்தையும் பழகியிருக்கிறார்கள். திக்கும் இடமெல்லாம் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. தன்னோடு சேர்ந்து படிக்கவேண்டிய சிநேகிதியைத் தானே கூட இருந்து தூரத்துப் பள்ளிக்கு அனுப்பிவைத்தோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தாமதமாகத்தான் புரிந்திருக்கிறது. உன் அம்மா அன்றிலிருந்து என்னைத் திட்டுவதை விட்டுவிட்டாள். வீட்டில் அந்தச் சத்தமாவது இருந்தது, அதுவும் இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. பிள்ளையை என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாய். மாப்பிள்ளையிடம் நீயே பார்த்துச் சொல், அவர் கோபப்பட்டால் நியாயம், என்னிடமே பேசச் சொல். காத்திருப்போர் பட்டியலில் நேற்று விசாரித்தேன், பதினேழு. பள்ளி திறக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. வாயாடியோடு நானும் இரண்டு பஸ்ஸும் ஏறி ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். ஆறே காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். போகும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளியின் கேட்டருகே காவலாளி, உன் பெயர் என்ன பாப்பா என்று கேட்டார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை போம்மா என்று அனுப்பிவிட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பள்ளிக்கூடப் பேச்சை நீயாக எடுக்காதே. நான் எழுதியதும் வாயாடிக்குத் தெரிய வேண்டாம். தானே தாத்தாவைக் காப்பாற்றிவிட்டதாக அந்தப் பிள்ளை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். புதுப் பள்ளியைப் பற்றி அவளாகச் சொல்ல வந்தால், எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் முடிக்கும்வரை நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

உன் குழந்தையை முக்குப் பள்ளிக்கு அனுப்பத் தெரியாத,
அப்பா